உம் கொட்டாத நேரம்

அன்று அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலின் தலைமாட்டில் மாமியார், சுவரில் முதுகு படாமல் நிமிர்ந்து. குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில், தரையில் என் மனைவி. மடியில் ஒரு தட்டு, தட்டில் உரிக்க வேண்டிய பூண்டு. ஜன்னலோரம் தையல் இயந்திரத்தின் முன் அவள் தங்கை. ஒரு விடுதிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிற வேலை திங்கட்கிழமைக்குள் முடிய வேண்டும் என்பதால் அவள் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. அவள் கணவர், என் சகலை, சுருட்டி வைத்த மெத்தையின் மேல், யார் முகத்தையும் பார்க்காத கோணத்தில். நான் மேஜையில். அந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் காகிதத்தை எடுத்தேன்.

அங்கே இல்லாதவன் என் மைத்துனன். இரண்டு பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பிள்ளை. அவனுக்குத்தான் கடிதம்.

இந்தக் குடும்பத்தில் கடிதம் என்றால் நான் என்று ஆகிவிட்டது. பம்புசெட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், புகார் எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. மோட்டார் ஓடவில்லை, ஓடினால் தண்ணீர் வரவில்லை, தண்ணீர் வந்தால் மோட்டார் புகைகிறது. எல்லாவற்றுக்கும் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதுவேன். வருத்தம் இருக்கும், தப்புச் செய்த ஆள் யாரும் அதில் இருக்கமாட்டார். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து நேராக மாமியாரும் சகலையும் ஒன்றாகக் குடியிருக்கும் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன், கண் எரிந்தது, சட்டைப் பையில் அலுவலகப் பேனாவே இருந்தது.

"நலம், நலமறிய ஆவல்னு போட்டுட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"போட்டாச்சு அத்தை."

"அவனுக்கு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. நலம்னு எப்படிப் போட்டீங்க?" என்றாள் என் மனைவி.

"நாம நலம்னு அர்த்தம்."

"நாம மட்டும் என்ன வாழுதாம்?"

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சகலைக்கும் மைத்துனனுக்கும் ஒரே இடத்தில் வேலை. ஒரு சமையல் எண்ணெய் ஆலை. பெரிய இரும்புத் தொட்டிகள் வரிசையாக நிற்கும். எண்ணெய் காலியானதும் அடியில் தங்கிய கசடை ஒருவர் உள்ளே இறங்கிச் சுரண்டி எடுக்க வேண்டும். இன்னொருவர் மேலே தொட்டியின் வாயருகே உட்கார்ந்து, இறங்கியவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே காற்று எப்போது கெடும் என்று சொல்ல முடியாது. கெட்டால் மேலே இருப்பவர் இறங்கக் கூடாது, இழுக்கத்தான் வேண்டும். இறங்கினால் இரண்டு பேரும் போவார்கள்.

ஆபத்துக்கு ஊத ஆலையில் விசில் கொடுத்திருந்தார்கள். எண்ணெய்க் கையால் முகமூடியைக் கழற்றி விசிலை வாயில் வைக்க யாருக்குப் பொறுமை? இவர்களாக ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். மேலே இருப்பவர் கதை சொல்வார். உள்ளே இருப்பவர் உம் கொட்டுவார். முகமூடிக்குள்ளிருந்து பேச்சு தெளிவாக வராது, ஆனால் உம் வரும். தொட்டிக்குள் அது முழங்கி மேலே வரும். உம் நின்றால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். என் சகலை சொன்னது, பெண் பார்க்கப் புறப்பட்ட ஒருவன் தப்பான பஸ்ஸில் ஏறி ஊர் ஊராக அலைகிற கதை. வருடக் கணக்கில் ஓடியது. எனக்கே கொஞ்சம் தெரியும். இடையில் அந்தப் பெண்ணுக்கே கல்யாணமாகிப் பிள்ளை பிறந்துவிட்டது, இவன் இன்னும் பஸ்ஸில்தான் இருந்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை உம் நின்றது. தொட்டிக்குள் காற்று ஊதும் குழாய் எங்கோ மடிந்து கிடந்திருக்கிறது. மைத்துனனை மேலே கொண்டுவந்தபோது நகமெல்லாம் நீலம். பிழைத்துக்கொண்டான். ஆனால் நெஞ்சு பழையபடி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வராமல் வெளியூரில் இருக்கும் சித்தப்பாவின் கடைக்குப் போய்விட்டான். என் சகலை அவனுக்குச் சின்ன மாமா, நான் பெரிய மாமா. சின்ன மாமா போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுவான், அதுவும் இருமலுக்கு நடுவே. போன வாரம் அம்மாவிடம் சொல்லியிருந்தான்: "மேல என்ன நடந்துச்சுன்னு சின்ன மாமா எழுதட்டும். கையெழுத்துப் புரியாதுன்னா பெரிய மாமா எழுதினாலும் சரி. ஆனா அவர் சொன்னதா இருக்கணும். அதப் படிச்சுட்டு, வீட்டுக்கு வர்றதா, இங்கயே கடையில இருந்துடறதான்னு சொல்றேன்."

பிள்ளை திரும்பி வருவானா மாட்டானா என்பது இந்தக் காகிதத்தில் இருந்தது. அதனால்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

"சொல்லுங்க சகலை," என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "என்ன சொல்றது? ஏணியில கயிறு சிக்கிக்கிச்சு. எடுக்கறதுக்குள்ள நேரமாயிடுச்சு. அதத்தான் அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொன்னேனே. எழுதிக்குங்க."

எழுதினேன். வழக்கம்போல எழுதியதை வாசித்துக் காட்டினேன். "எதிர்பாராத விதமாகக் கயிறு ஏணியில் சிக்கிக்கொண்டபடியால் சற்றுத் தாமதம் ஏற்பட்டது. உனக்கு நேர்ந்த துன்பத்துக்கு மிகவும் வருந்துகிறேன்."

"மோட்டார் புகைஞ்சதுக்கு எழுதற மாதிரியே இருக்கு," என்றாள் என் மனைவி.

"நல்லாத்தான்க்கா இருக்கு. மரியாதையா இருக்கு," என்றாள் தங்கை. மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. "முடிச்சு ஒட்டுங்க மாமா. எனக்கு இன்னும் நாப்பது உறை கெடக்குது."

மாமியார் புடவை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தார். பிறகு, "எந்த ஏணின்னு கேப்பான்," என்றார்.

"எந்த ஏணின்னா?" என்றார் சகலை.

"உள்ள இறங்கறதுக்குத் தொங்கவிடற ஏணிய, ஆள் இறங்கினதும் கசடு படாம மேல இழுத்துச் சுருட்டி வச்சிருவீங்களாமே. இத்தன வருஷம் அவன் சட்டையத் தொவைச்சவ நான். அவன் பேசறதக் கேட்டுக்கிட்டுத்தானே தொவைப்பேன்."

தையல் இயந்திரம் நின்றது.

"ஏணி இல்லன்னா வேற ஏதோ கம்பி," என்றாள் தங்கை. "அம்மா, நீ என்ன போலீஸா? அவர் கை ரெண்டும் தோல் உரிஞ்சு வந்தாரே, அதப் பாத்தேல்ல? சும்மாவா உரிஞ்சுச்சு?"

அது உண்மை. இழுத்த கயிறு உள்ளங்கையை அறுத்திருந்தது. கட்டுப் பிரிக்கிற வரை அவள்தான் அவருக்குச் சோறு ஊட்டினாள்.

சகலை இப்போது தன் உள்ளங்கையைப் பார்த்தார். புதுத்தோல் இன்னும் வெளிறித்தான் இருந்தது. "கயிறு சிக்கல," என்றார்.

அவரே தொடர்ந்தார். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொட்டிக்குள் இறங்குவது ஆளுக்கொரு முறை என்பது ஆலையின் ஏற்பாடு. சகலை ஒருபோதும் அடிவரை இறங்கியதில்லை. முதல் தடவை இறங்கியபோது பாதியிலேயே கைகால் விறைத்துப்போய், மைத்துனன்தான் மேலே இழுத்திருக்கிறான். உள்ளே அத்தனை இருட்டு. அதற்குப் பிறகு இரண்டு பேர் முறைக்கும் மைத்துனனே இறங்கினான். யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்கும் அன்றுதான் தெரியும். என் மனைவி தங்கையைப் பார்த்தாள். தங்கைக்கும் அது புதுச் செய்தி.

அந்தக் காலை டீ குடிக்கிற இடத்தில் புது மேற்பார்வையாளர், எப்போதும் ஒரே ஆள் இறங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறார். மைத்துனனுக்கு ஜலதோஷம், ராத்திரி தூக்கமில்லை, அலுப்பு. "அவருக்கு இருட்டுன்னா பயம் சார். எங்கக்காவக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு நான் இறங்கறேன்," என்று சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர், "ஆம்பளைங்க பக்கம் என்னப்பா நிக்கறே, அந்தப் பக்கம் போ," என்றாராம். இன்னொருவர் நகர்ந்து இடம்விட்டு, "உக்காருங்க தாயி," என்றாராம்.

"அவனும் சிரிச்சான்," என்றார் சகலை. "அதான். மத்தவன் சிரிச்சா பரவால்ல."

"அப்புறம்?" என்றேன்.

"அவன் இறங்கினான். நான் கதைய ஆரம்பிச்சேன். கடமைக்குத்தான் ஆரம்பிச்சேன். உம் வரல. சரி, இவனுக்கு வேற கோபமாக்கும், சொல்றதையும் சொல்லிட்டு முறுக்கிக்கறானாக்கும்னு, நானும் நிறுத்திட்டேன். கூப்பிடட்டும், மொதல்ல அவன் கூப்பிடட்டும்னு இருந்தேன். சுரண்டற சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

"சத்தம் கேட்டுச்சுல்ல? அப்ப என்ன?" என்றாள் அவர் மனைவி.

"அப்புறம் நின்னுச்சு."

பூண்டுத் தோல் மின்விசிறிக் காற்றில் தரையெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. என் மனைவி அதைப் பிடிக்க முயலவில்லை.

"நின்னது எனக்குக் கேட்டுச்சு. மூச்சு வாங்க நிறுத்தியிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கீழ எடைமேடையில ஒரு லாரி ஏறிச்சு. எடை போட்டு, இறங்கி, ரிவர்ஸ் எடுத்துப் போச்சு. அவ்வளவு நேரமும் கயித்தப் பிடிச்சுக்கிட்டு லாரியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா எட்டிப் பாக்கல. பாத்தா இருட்டு. கூப்பிட்டா நான் எறங்கி வந்த மாதிரி ஆயிடும். லாரி போனப்பறம்தான் இழுத்தேன். அப்ப இழுத்த இழுப்புலதான் கை போச்சு."

"ஒரு வார்த்தைக்கா?" என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. "ஆம்பளையான்னு ஒரு வார்த்தை கேட்டதுக்கா என் தம்பிய உள்ள விட்டீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"சிரிச்சா என்ன, மீசை கொட்டிடுச்சா?"

"இல்ல."

"அவனக் கீழ வச்சுக்கிட்டு மேல வீம்பு பிடிச்சு உக்காந்திருந்தீங்களே, அது ஆம்பளத்தனமா?"

"இல்லன்னுதானே சொல்றேன்," என்றார். ஒருவர் மறுத்தால் சண்டை வளரும். ஒப்புக்கொண்டவரோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது.

எனக்கும் அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அலுப்புத்தான் வந்தது. நான் படிக்கிற புகார்க் கடிதங்களில் பாதிக்கு மேல் மோட்டாரைப் பற்றியவை அல்ல. கடைக்காரன் என்னை மதிக்கவில்லை, பழுது பார்க்க வந்தவன் செருப்போடு உள்ளே வந்தான், என் தம்பிக்கு நல்ல மோட்டாரைக் கொடுத்து எனக்கு இதைத் தள்ளிவிட்டீர்கள். மனிதர்கள் தண்ணீர் இல்லாமல்கூட ஒரு வாரம் இருந்துவிடுகிறார்கள், மரியாதை இல்லாமல் ஒரு நாள் இருப்பதில்லை. லாரி ஏறி இறங்குகிற நேரத்துக்குக்கூட இருப்பதில்லை.

முதலில் சமாளித்துக்கொண்டவள் தங்கைதான். உறைகளை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். "சரி. நடந்தது நடந்துபோச்சு. அஞ்சு பேருக்குத் தெரியும், இந்த அறையோட இருக்கட்டும். ஏணின்னு எழுதாதீங்க மாமா. தொட்டி வாயில இருக்கற வளையத்துல சிக்கிச்சுன்னு எழுதுங்க. வளையம் இருக்குல்ல?" என்று கணவரைக் கேட்டாள்.

"இருக்கு."

"அப்ப அதுதான்."

"வேண்டாம்," என்றார் அவர். "இருக்கறத எழுதுங்க சகலை."

"எழுதினா அவன் இந்த வாசப்படிய மிதிக்கமாட்டான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"எனக்கிருக்கறது ஒரு தம்பி."

"வளையம்னு எழுதினா வருவான். வந்து இதே மெத்தையில உக்காருவான். தினமும் அவன் முகத்த நான் பாக்கணும்."

"பாத்தா என்ன? ஊர்ல எல்லாரும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. எல்லாத்தையும் சொல்லிட்டா குடித்தனம் நடத்தறாங்க?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. நான் பேனாவை மூடி வைத்தேன். திறந்து வைத்தால் மை காய்ந்துவிடும்.

அப்போதுதான் மாமியார் பேசினார். "அவன் எங்கிட்ட ஒண்ணு சொன்னான். யார்கிட்டயும் சொல்லாதேன்னான். சொல்றது தப்புதான்." சின்ன மருமகன் பக்கம் திரும்பினார். "நீங்க கதைய ஆரம்பிச்சது அவனுக்குக் கேட்டுச்சாம். வேணும்னுதான் உம் கொட்டலையாம்."

சகலை தலையைத் தூக்கினார்.

"'சொல்லியிருக்கக் கூடாதும்மா, சொல்லிட்டேன். அவர் என்னத் திட்டியிருந்தா சரியாப் போயிருக்கும். ஒண்ணுமே நடக்காத மாதிரி கதைய ஆரம்பிச்சார், எனக்கு எரிச்சலாயிடுச்சு. ரெண்டு தடவை வாய மூடிக்கிட்டு இருந்தேன். அப்புறம் கொட்டலாம்னு பாத்தா வாய் வரல'ன்னான். சொல்லிட்டு இருமினான். போன வச்சுட்டான்."

என் மனைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நல்லா இருக்குடா உங்க கதை. மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். ரெண்டு மாடு தொழுவத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கற மாதிரி."

தங்கையின் முகத்தில் மட்டும் வெளிச்சம் வந்தது. அலமாரியில் எதையோ தேடப்போய், மறந்துபோன ரூபாய் நோட்டு அகப்பட்டவள் மாதிரி. "அப்ப அவன்மேலயும் தப்பு இருக்கு. அதையும் சேர்த்து எழுதுங்க மாமா. நானும் கூப்பிடல, நீயும் உம் கொட்டலன்னு. சரிக்குச் சரியாப் போச்சு. வந்துடுவான்."

அது நல்ல வழிதான். அலுவலகத்தில் என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்: வாடிக்கையாளர் மோட்டாரைச் சரியாகப் பொருத்தாததும் ஒரு காரணம் என்று ஒரு வரி. பேனாவைத் திறந்தேன்.

"வேண்டாம்," என்றார் சகலை.

"ஏன் வேண்டாம்? அவனே சொன்னது."

"அவங்கம்மாகிட்ட சொன்னான். எங்கிட்ட சொல்லல." உள்ளங்கைகளை முழங்கால்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "அவன் உள்ள இருந்தான். நான் வெளியில காத்துல உக்காந்திருந்தேன். கயிறு எங்கையில இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாயிடாது."

தங்கை என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இயந்திரத்தின் பக்கம் திரும்பி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். அது முன்பே கோத்துத்தான் இருந்தது.

முதல் காகிதத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். புதுத் தாளில் இடமும் தேதியும் எழுதினேன்.

"நலம் போடவா அத்தை?"

"போடுங்க. போடலன்னா யாருக்கோ என்னமோன்னு பயந்துக்குவான்."

சகலை சொல்லச் சொல்ல எழுதினேன். அலங்காரம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். நான் ஒரு இடத்தில் 'துரதிர்ஷ்டவசமாக' என்று தொடங்கியபோது, "அதெல்லாம் இல்ல சகலை," என்றார். அடித்துவிட்டேன். இது வந்தது:

"கயிறு எங்கும் சிக்கவில்லை. நீ உம் கொட்டாததால் கதையை நிறுத்தினேன். பிறகு சுரண்டும் சத்தம் நின்றது. அது எனக்குக் கேட்டது. கேட்டும் உடனே இழுக்கவில்லை. நீ முதலில் கூப்பிட வேண்டும் என்று இருந்தேன். காலையில் நீ சொன்னதற்குக் கோபம். எட்டிப் பார்க்கப் பயம், அது உனக்குத் தெரியும். ஒரு லாரி எடை போட்டுப் போகிற வரை சும்மா இருந்தேன். எல்லாரிடமும் கயிறு சிக்கியது என்று சொன்னேன். இன்று வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்."

"மன்னிச்சுடுன்னு ஒரு வரி?" என்றேன். கை பழக்கம்.

"வேண்டாம்," என்றார் அவர். "கேட்டா குடுத்துடுவான். அவன் புத்தி அப்படி. இத்தன வருஷம் எனக்காக இறங்கினவன். திரும்பவும் எனக்காக எதுக்கு இறங்கணும்? அவனாத் தோணிச்சுன்னா பாத்துக்கட்டும்."

கீழே தன் கையெழுத்தைத் தானே போட்டார். எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நின்றன. மாமியார் தாளை வாங்கி, படிக்காமல், மை உலர்ந்துவிட்டதா என்று மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு இளைய மகளிடம் நீட்டினார். அவள் வாங்குவாளா என்று எனக்குச் சந்தேகம். வாங்கினாள். முழுக்கப் படித்தாள். ஒரு தடவை மேலே போய் மறுபடி படித்தாள். பிறகு தலையணை உறையை மடிக்கிற மாதிரியே ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்து, உறைக்குள் போட்டு, மேஜைக்கு வந்து பசைப் புட்டியை எடுத்தாள்.

"ஸ்டாம்ப் போதுமான்னு பாத்து ஒட்டுங்க," என்றாள். "தபால்காரனுக்கு அபராதம் கட்டி அவன் இத வாங்கிப் படிக்க வேண்டாம்."

ஒட்டிய இடத்தின்மேல் கத்தரிக்கோலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள், பசை பிடிக்கும் வரை. கணவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஆனால் கடிதத்தை நான் கை நீட்டியும் என்னிடம் தரவில்லை. அவரிடம்தான் கொடுத்தாள்.

நானும் அவரும் தெருமுனை வரை நடந்தோம். வெயில் இறங்கியிருந்தாலும் புழுக்கம் போகவில்லை. தபால் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தபால்காரர் உள்ளே இருந்ததை வாரிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியில் போடுவதா, அவர் கையில் கொடுப்பதா என்று சகலை தயங்கினார்.

"என்ன சார், போகணுமா வேண்டாமா?" என்றார் தபால்காரர், வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு.

"போகணும்," என்று சகலை கொடுத்தார். தபால்காரர் முகவரியைக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார்.